மிக மெதுவான அலை

மின் இணைப்புகளை எல்லாம் கழற்றிப் போட்டிருந்த டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏதோ நகர்ந்தது. எண்ணெய்க்குள் ஈரத்துணி இழுபடுவதுபோல ஒரு சத்தம். காற்றுக் குமிழாக இருக்கும் என்று இந்திரகுமாரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மலேசியாவின் கோல சிலாங்கூர் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலை. பிற்பகல் மழை விட்டு, சூடான சரளைக்கல்லிலிருந்து ஆவியும் வெந்த பழத்தின் புளித்த வாடையும் சேர்ந்து எழும்பின. அவளுடைய சோதனைப் பெட்டி உள்ளே மின் அலைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, இன்னும் மெதுவாக. வேகமான அலையில் கம்பிச்சுருளின் காகித உறை நல்ல பிள்ளையாக நடிக்கும். மெதுவாகப் போனால்தான் உள்ளே பதுங்கிய ஈரம் அசைந்து கொடுத்து, மின்சாரத்தை விழுங்குவது தெரியும். கடைசி அளவுப் புள்ளிக்கு மட்டுமே மூன்று மணி நேரம்.

போன வருடம் அந்த மூன்று மணி நேரத்துக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு, நல்ல நிலை என்று கையெழுத்துப் போட்டாள். மின்சாரம் விட்டதும் அந்த ஈரத்தால் வெடித்தது. பக்கத்தில் நின்ற, ஆலையின் மின்பொறுப்பாளரான சார்ஜ்மேன் இருசப்பன் எரிந்துபோனார். அதே டிரான்ஸ்ஃபார்மரைப் பழுது பார்த்து மறுபடி இங்கேயே வைத்திருந்தார்கள். அவள் பாதியில் நிறுத்தியது யாருக்கும் தெரியாது.

இன்று கடைசிவரை போவதாகத்தான் வந்திருந்தாள்.

"மேடம், முடிஞ்சிச்சா? பழக்குலையெல்லாம் அழுகுதுலா!" இருசப்பன் இடத்துக்கு வந்த தேவன், புருவத்தில் வெட்டுத் தழும்போடு, போன மாதம்தான் கல்யாணமானவன்.

"கொஞ்சம் பொறுங்க, தேவன்."

அலை மெதுவானது. திரையில் மின் இழப்பைக் காட்டும் கோடு ஏறியது. மறுபடி அந்தச் சத்தம். டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடிக்குள், கருகிய ஒரு பிடரி.

கண்ணைக் கசக்கினாள். அது போகவில்லை.

அடுத்த புள்ளி. ஒரு காது. அலை மெதுவாக ஆக, திரும்புவதற்கு அதற்கு நேரம் கிடைத்தது. இருசப்பன்தான். திரும்பினால் தன்னைப் பார்ப்பார்.

அடுத்தது. கன்னம்.

நிறுத்தினாள். ஒயர்களைப் பிடுங்கினாள்.

"ஓகேவா மேடம்?"

"ஓகே. நல்லா இருக்கு." பயம்தான் பேசியது.

இணைப்புகளை மாட்டினார்கள். தேவனின் உதவியாள் காளியண்ணன் சுவிட்ச் அறைக்குப் போனான். மின்சாரம் விட்டதும் எழும் முதல் முனகல் சரியாக இருக்கிறதா என்று கேட்க, சார்ஜ்மேன் தொட்டியருகே நிற்பது வழக்கம். இருசப்பன் நின்ற அதே இடத்தில் தேவன் நின்றான், கையை உயர்த்தியபடி. அந்தக் கை இறங்கினால் காளியண்ணன் சுவிட்சைப் போடுவான்.

வேலி வாசலிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் முகம் முழுதாகத் திரும்பியிருந்தது. உதடு இல்லை. இமை இல்லை. புருவத்தில் வெட்டுத் தழும்பு.

கத்த வாயைத் திறந்தாள்.

அந்த முகத்துக்குப் பக்கத்தில் தேவன் தலையைச் சாய்த்து, அவளைப் பார்த்துச் சிரித்தான்.

கையை இறக்கினான்.