ஒரு சாண் ஆழம்

அன்று காலை ஓலைக்காரச் சந்தில் தண்ணீர்த் தானோடி ஏழு முறை நின்றது. ஏழும் இறந்துபோனவர்களுக்காக. சுவர்களில் இருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை ஆட்கள் என்று நினைத்து, "வழிவிடுங்கள்" என்று பணிவாகக் கேட்டுக் காத்திருந்தது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் தண்ணீர் வண்டி அது. சந்தின் கடைசியில் குடங்கள் காலியாகக் கிடந்தன.

வண்டிகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது கலாவல்லியின் வேலை. அவள் கண்டுபிடித்த வழி எளியது. ரயிலில் போகும்போது பக்கத்து மரம் விரைந்து ஓடும். தூரத்து மலை நகர்வதே தெரியாது. அதுபோல, வண்டி நகரும்போது ஓர் உருவமும் பின்னாலுள்ள சுவரும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் அது படம். உருவம் மட்டும் தனியே விரைந்தால் ஆள். சுவரில் கட்டிய துணிப் பேனர் காற்றில் உப்புமே? அதனால் சுவரிலிருந்து ஒரு சாண் வரை புடைத்திருப்பதையும் படம் என்றே கொள்ளச் செய்தாள். படத்தை உரசிக்கொண்டு போகலாம், துணி மடங்கிக்கொடுக்கும்.

ஒரு மாதம் தண்ணீர் நேரத்துக்கு வந்தது.

பிறகு ஒரு நாள் வண்டியின் காணொளிப் பதிவில் தன் கணவன் சேவுகனைப் பார்த்தாள். சுவரொட்டி ஒட்டுவது அவன் பிழைப்பு. பசை வாளியோடு, வயிற்றை எக்கி, சுவரோடு ஒட்டி நின்று வண்டிக்கு வழிவிட்டிருந்தான். அவன் மார்பின் மேல், அவள் பழக்கிய வண்டியின் பார்வையான ஆழக்கண் எழுதியிருந்தது: படம். வண்டி அவன் சட்டையை உரசிப் போயிருந்தது.

மேலாளர் அமலதாஸிடம் ஓடினாள்.

"வண்டிய நிறுத்தணும் சார்."

"அறுபது சந்துக்கு நீங்க தண்ணி சுமப்பீங்களா? ஒரு வாரத்துல திருத்திக் குடுங்க. அதுவரைக்கும் ஓடட்டும்."

வீட்டில் சேவுகனிடம் சொன்னாள்: "வண்டி வந்தா சுவரோட ஒதுங்காதீங்க. ரெண்டடி முன்னாடி வந்து நில்லுங்க. அப்பத்தான் அதுக்கு நீங்க ஆளு."

"வண்டி வந்தா அதுக்கு முன்னாடி போய் நிக்கணுமா? நல்லாத்தான் படிச்சிருக்க."

"சிரிக்காதீங்க. உங்க உடம்பு ஒரு சாணுக்குள்ள அடங்குது."

"அப்ப இன்னும் ரெண்டு தோசை போடு. ஆளாயிடுறேன்."

கூடத்தில் அவள் வண்டியாக நடந்து வந்தாள். மூன்று முறையும் அவன் சரியாக முன்னால் வந்து நின்றான்.

நான்காம் நாள் சந்திலும் அப்படித்தான் நின்றான். பதிவில் இருக்கிறது. ஆழக்கண் 'ஆள்' என்று எழுதியது. வண்டி நின்றது. "வழிவிடுங்கள்" என்றது. குடங்களோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "ஒதுங்குங்கண்ணே, வேலைக்குப் போகணும்" என்றாள். அவன் ஒதுங்கினான். அந்தச் சந்தில் ஒதுங்குவதற்குச் சுவர் மட்டும்தான் இருந்தது.

எழுத்து 'படம்' என்று மாறியது. ஒரு கணம் முன்பு அங்கே ஆள் இருந்ததை நினைவில் வைக்க அதற்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. வண்டி கிளம்பியது. இந்த முறை உரசல் சட்டையோடு நிற்கவில்லை.

மறுநாள் அவன் கூட்டாளிகள் அதே சுவரில் அவனுடைய கண்ணீர் அஞ்சலிப் படத்தை ஒட்டினார்கள். விதியைத் திருத்தத் தெரிந்தவள் கலாவல்லி ஒருத்திதான். அவன் இறந்த மூன்றாம் நாள் திருத்தினாள்: ஒருமுறை ஆள் என்று கண்ட முகத்தை இனி ஒருபோதும் படம் என்று கொள்ளாதே.

அடுத்த நாள் காலை சேவுகனின் சுவரொட்டி முன்னால் வண்டி நின்றது. "வழிவிடுங்கள்" என்றது. மறுபடியும் சொன்னது.

திருத்தம் சரியா என்று பார்க்க வந்திருந்த கலாவல்லியின் முகத்தைப் பார்க்காமல் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "அக்கா, தண்ணி..."

கலாவல்லி சுவரொட்டியின் ஒரு மூலையை நகத்தால் கிள்ளினாள். வரவில்லை. அவன் வாளியில் மிச்சமிருந்த, அவனே காய்ச்சிய பசை.