உப்பில்லாப் படையல்

சோபனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கூரையைப் பார்த்தார்.

"யாரு அங்க கயிறு இழுக்கறது?"

யாரும் இழுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் விசிறியாகத் தொங்கிய துணிப் பங்கா வெள்ளைக்காரன் காலத்தது. அதை ஆட்டும் கயிறு அறுந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"நிறுத்தச் சொல்லுங்க. தொப்பி போட்டுட்டு நிக்கறாரு பாருங்க, செவுத்தோரமா" என்றவர், அப்படியே மேசைமேல் சரிந்தார். மதியச் சாப்பாடு பாதியில் நின்றது.

அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் வழியில் இருக்கிறது மேட்டுப் பங்களா. சப்-கலெக்டர் குடியிருக்கும் அரசு இல்லம். சோபனா சப்-கலெக்டராக அங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்குத் துரை நாள். பங்களாவைக் கட்டிய துரை காய்ச்சலில் அங்கேயே செத்து, தோட்டத்துப் புளியமரத்தடியில் புதைந்து கிடக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை அவருக்குக் கோழிக் கறியும் பிராந்தியும் சுருட்டும் படைக்க வேண்டும். படைத்ததை அதிகாரி கூடத்திலும் மற்றவர்கள் பின்கட்டிலும் சாப்பிடுவார்கள். எத்தனையோ அரசாணைகள் வந்து போய்விட்டன, இது மட்டும் மாறவில்லை. ஆணை போட்டவர் மண்ணுக்குள் இருப்பதால் ரத்து செய்ய ஆளில்லை.

"ஊமத்தை" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "கண்மணி விரிஞ்சு கிடக்கு, நாக்கு வறண்டிருக்கு. உயிருக்கு பயமில்ல. ஆனா இப்பவும் யார்கிட்டயோ பேசிட்டிருக்காங்க."

எஸ்.ஐ. சிவக்குமார் கணக்குப் போட்டார். ஒரே சட்டிக் கறி. பின்கட்டில் எல்லோரும் தின்றார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் விஷம் தட்டில். தட்டில் போட்டவள் சமையல்காரி லூர்துமேரி. சோபனாவின் தட்டைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, கூடத்தைப் பூட்டிவிட்டு, அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்.

இன்ஸ்பெக்டர் அன்ஜும் வேறொரு வழக்காகப் பொம்மிடி போயிருந்தார். மறுநாள் காலை திரும்பியதும் நேராக லூர்துமேரியின் எதிரில் உட்கார்ந்தார். பெஞ்சில் அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"இறங்கலீங்க. கோர்ட்டுல என்ன சொன்னாலும் சரிங்க மேடம், இந்தக் கையால ஆக்குனத இனி எவன் திம்பான்? எனக்குத் தெரிஞ்ச ஒரே பொழப்பு இதுதானுங்க."

"நேத்து என்ன ஆச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

"துரைக்குப் படைச்சிட்டு வந்து போட்டனுங்க. மேசையில அம்மாவும் பெரிய கிளார்க் சாரும்தான். அம்மா ஒரு வாய் வெச்சிட்டு, 'என்ன மேரி, உப்பே இல்லியே'ன்னாங்க."

"மறந்துட்டியா?"

"இல்லீங்க. துரை படையலுக்கு உப்பு போடக் கூடாதுங்க, ருசியும் பாக்கக் கூடாது. செத்தவங்களுக்கு உப்பு போட்டா வூட்டோட ஒட்டிக்குவாங்களாம். நான் மாதா கோயிலுக்குப் போறவ, இருந்தாலும் வூட்டு வழக்கம். அம்மாகிட்ட சொன்னேன். சிரிச்சிட்டுப் போட்டுக்கிட்டாங்க."

"எதை?"

"மேசை உப்புங்க. மெளகுப்பொடி கலந்து வெள்ளிக் கிண்ணத்துல இருக்கும். பின்கட்டுல நாங்க கல்லுப்பு போட்டுக்கிட்டோம்."

"கிளார்க் சார் ஒண்ணும் சொல்லலியா?"

லூர்துமேரியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. "அவரு தங்கமானவருங்க. ஊறுகாய மூணு வாட்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாரு. 'உன் கைக்கு வளையல் போடணும் மேரி'ன்னாரு."

அன்ஜும் பங்களாவுக்குக் கிளம்பினார்.

பங்களாவின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் பகலிலும் வெளிச்சம் பயந்து பயந்துதான் வரும். காவலாளி முனியப்பன் வாசற்படியைத் தாண்டவில்லை.

"நீங்க போங்க மேடம். நேத்து அது ஆடுனத நானே பாத்தனுங்க."

"பங்காவா?"

"ஆமாங்க. புளியமரத்தடியில துரைக்கு வெச்ச சுருட்டும் சாம்பலாகிக் கெடக்குது. போய்ப் பாருங்க."

அன்ஜும் நிமிர்ந்தார். பங்காவின் விளிம்பு லேசாக அசைந்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவருக்கும் கழுத்து சில்லிட்டது. பேயை நம்பாதவர்கள்தான் பேய்க்கு அதிகம் பயப்படுவார்கள் என்பது அன்ஜுமின் சொந்த அனுபவம். பார்வையை இறக்கி மேசையைப் பார்த்தார்.

மேசை நேற்று விட்டது விட்டபடி இருந்தது. காய்ந்த சோறு, கறிக் கிண்ணம், ஊறுகாய் ஜாடி, எல்லாவற்றிலும் எறும்பு. ஒரே ஒரு பாத்திரத்தில் மட்டும் எறும்பு இல்லை. உள்ளங்கை அளவு வெள்ளிக் கிண்ணம். உள்ளே ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்தது போல மினுங்கியது.

"முனியப்பன், அம்மாவைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"நான், மேரி, டிரைவர் மூணு பேருங்க. கிளார்க் சாரு, 'எதையும் எவனும் தொடக் கூடாது, நான் காவலா இருக்கேன்'னு இங்கயே நின்னுட்டாரு, போலீஸ் வர்ற வரைக்கும்."

"நேத்து அவரு எப்ப வந்தாரு?"

"விடிஞ்சதும் வந்துட்டாருங்க. வெள்ளிச் சாமானை எல்லாம் எடுத்து வைக்கறது வருஷா வருஷம் அவருதான். ரிட்டயர்டு ஆயும் விடல. இந்த வூட்டோட கத முழுக்க அவருக்குத்தான் தெரியும்."

கூடத்தின் கோடியில் பூட்டிய கதவு ஒன்று இருந்தது.

"அது?"

"துரை செத்த ரூமுங்க. சாவி தொலைஞ்சு போச்சு. தெறந்தா புத்தி பேதலிச்சிரும்னு கிளார்க் சாரு சொல்வாரு. அம்மாதான் கேக்கல. வர்ற திங்கக்கிழமை பூட்டை ஒடைக்க ஆள் வரச் சொல்லிட்டாங்க. அதுக்குள்ள..." முனியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அன்ஜும் சிவக்குமாரை அனுப்பி கிளார்க் மாதவராஜை வரவழைத்தார். முப்பது வருஷம் அந்தப் பங்களாவில் முகாம் எழுத்தராக இருந்தவர். தோளில் துண்டு, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. கூடத்துக்குள் சொந்த வீட்டுக்குள் வருவது போல வந்தார்.

"லூர்துமேரி நல்லவதாம்மா. யார் தூண்டுனாங்களோ?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலியா சார்?"

"அதே சட்டி, அதே கறி. நான்தான் கல்லு மாதிரி இருக்கேனே. அம்மா துரை ரூமைத் தொட நினைச்சாங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

"கறி எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"உப்பில்லாம பிரமாதமா?"

மாதவராஜ் சிரித்தார். "எனக்கு பி.பி.ம்மா. டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டார். அதனால மேசை உப்பைத் தொடல."

"ஊறுகாயை மூணு வாட்டி தொட்டீங்களே?"

சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? சோபனா மேடம் கிண்ணத்துல கை வெச்சாங்க. பின்கட்டுல இருந்தவங்க கல்லுப்பு போட்டுக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கைக்கெட்டுற தூரத்துல உப்பை வெச்சுக்கிட்டு, அதைத் தொடாம, ஊறுகாயால சோத்தை இறக்குனீங்க. பி.பி.க்குப் பயந்தவரு ஊறுகாய்ப் பக்கம் போவாரா? அந்தக் கிண்ணத்துல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது."

"ஊகத்துக்கெல்லாம்..."

"மத்த நாள்ல மேரி சமையல்ல உப்பு சரியா இருக்கும், அந்தக் கிண்ணத்தை யாரும் சீண்ட மாட்டாங்க. இந்த ஒரு நாள் கட்டாயம் தொட்டே ஆகணும். காலையில அதை எடுத்து வெச்சது நீங்க. அரைச்ச ஊமத்தை விதை மிளகுப்பொடியோட கலந்தா கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் மேடத்தைத் தூக்கிட்டு ஓடினப்போ தனியா நின்னதும் நீங்க. காவலுக்கு நின்னவரு கிண்ணத்தை மட்டும் ஏன் சார் காலி பண்ணித் துடைச்சீங்க? மீதி மேசையெல்லாம் எறும்பு. சிவக்குமார், அவர் துண்டை வாங்குங்க, சோதனைக்குப் போகணும். தொலைஞ்ச சாவி அரைஞாணுல இருக்கான்னும் பாருங்க."

அரைஞாணில் ஒரு பெரிய இரும்புச் சாவி தொங்கியது.

துரை அறையின் பூட்டு எண்ணெய் போட்டது போலச் சத்தமில்லாமல் திறந்தது. பேய் குடியிருக்கும் அறைக்கு யார் எண்ணெய் போடுவார்கள்? உள்ளே ஒன்றுமில்லை. கட்டில் கால்கள் அழுத்திய தடம் தரையில் இருந்தது. படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சுவரில் வெளுத்துக் கட்டம் கட்டமாக நின்றன. ஆணியடித்த ஒரு கொக்கியில் பழைய தொப்பி ஒன்று தொங்கியது. அதை வாங்க ஆள் கிடைக்கவில்லை போலும்.

கதவோரமாக எட்டிப் பார்த்த முனியப்பன் முணுமுணுத்தான். "அம்மா இந்த ரூமுக்குள்ள வந்ததே இல்லீங்களே. தொப்பி போட்டவருன்னு..."

அன்ஜும் தொப்பியைத் தொடாமல் திரும்பினார்.

மாதவராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கருங்காலிக் கட்டிலு, கடிகாரம், படம்... ஒண்ணொண்ணாப் போச்சு. வந்த ஆபீசருங்க எல்லாம் கதையைக் கேட்டுப் பயந்து கதவைத் தொடல. இந்தம்மா பயப்படல. சாகடிக்க நினைக்கலம்மா, சத்தியமா. பயந்து மாத்தல் வாங்கிட்டுப் போனாப் போதும்னு பாத்தேன்."

"மேரி ஜெயிலுக்குப் போறதையும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க? அவ உங்களைத் தங்கமானவருன்னு சொல்றா சார்" என்றார் அன்ஜும். அந்தக் காலை முழுதும் அடக்கி வைத்திருந்த கோபம் குரலில் வந்துவிட்டது. "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். நீங்க தின்னாமலே குடிக்கப் போறீங்க. நடங்க."

ஜீப்பில் ஏறுமுன் அவர் முனியப்பனைக் கூப்பிட்டார். "அந்தச் சுருட்டைப் புடிச்சது நீதானே?"

"ஆத்தா மேல ஆணையா நான் இல்லீங்க. எனக்குப் பீடிதானுங்க பழக்கம்."

அன்ஜும் புளியமரத்தடியை ஒருமுறை பார்த்தார். அந்தச் சுருட்டு வழக்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சோபனா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் தெளிந்திருந்தன. கேன்டீன் இட்லி தொடப்படாமல் ஆறிக் கிடந்தது. கதவருகே தூக்குப் போசியோடு நின்ற லூர்துமேரி உள்ளே வரத் தயங்கினாள்.

"என்ன மேரி கொண்டாந்திருக்க?"

"கஞ்சிங்க. அன்ஜும் மேடம்தான் கொண்டு போகச் சொன்னாங்க. நீங்க வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிர்றனுங்க."

"எனக்குப் பசிக்குது" என்று சோபனா கையை நீட்டினார்.

லூர்துமேரி மூடியைத் திறந்தாள். கஞ்சியை டம்ளரில் ஊற்றிக் கொடுக்கப் போனவள் சட்டென்று நிறுத்தினாள். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, சோபனா பார்க்க, தானே குடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"உப்பு பாத்துட்டனுங்கம்மா. சரியா இருக்கு."