வயரின் மறுமுனை

வயர் இரண்டு முறை இழுபட்டது.

சரியான சைகைதான். கார் எலெக்ட்ரிக் வேலை கற்றுத்தரும் மாலை வகுப்பில் வாத்தியார் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது அது. காருக்குள் ஒருவர், பானெட் பக்கம் ஒருவர், நடுவே தகட்டுச் சுவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, கத்தினாலும் சரியாகக் கேட்காது, அதனால் வயர்தான் பேச வேண்டும். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் முனை கைக்கு வந்துவிட்டது, விடு. அவளும் விட்டாள். வயிற்றின் மேல் சுருட்டி வைத்திருந்த நான்கு மீட்டர் வயர் வளையம் வளையமாக அவிழ்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுள்ள துளை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இழுத்த விதம்தான் என்னவோ போலிருந்தது. அத்தான் எதையும் வெடுக்கென்று இழுக்கிறவர். வீட்டில் ஒரு மேஜை டிராயரின் கைப்பிடியும் ஒழுங்காக இல்லை. இது அப்படி இல்லை. தூங்குகிறவர் கையிலிருந்து எதையோ உருவுவதுபோல, அவ்வளவு மெதுவாக.

நான்தான் தேவையில்லாமல் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். எதையும் மூன்று தடவை அளந்து பார்க்கிறவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ‘மீட்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அத்தானுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப் போய்விட்டது.

இது அத்தானின் கார். போன வாரம் பாதி வழியில் கொதித்து நின்றது. டேஷ்போர்டில் சூடு காட்டும் பழைய முள் கடைசிவரை அசையவே இல்லை. நாளை காலை அக்காவையும் ஐந்து நாள் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து இதில்தான் கூட்டி வர வேண்டும். அதற்குள் அளவு காட்டும் மூன்று கேஜ்களை மாட்டியாக வேண்டும். வோல்ட் ஒன்று, ஆயில் பிரஷர் ஒன்று, இரண்டும் முடிந்தன. மூன்றாவது, என்ஜின் சூட்டை எண்ணில் காட்டும் டிஜிட்டல் கேஜ்; இந்த வயரின் ஒரு முனை அதில், மறுமுனை என்ஜினில் சூட்டை அறியும் சென்சாரில் மாட்ட வேண்டும். கேஜ் டேஷ்போர்டுக்கு அடியில் கரண்ட் வயரில் தொங்கிக்கொண்டு அவள் முகத்துக்கு எதிரே இருட்டாக ஆடியது. பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, துணி சுற்றி, நோட்டில் டிக் அடித்த பிறகுதான் வேலையையே தொடங்கியிருந்தாள்.

இடப்பக்க சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் பள்ளத்தில் தலையை விட்டு, மல்லாந்து, முழங்கால்களை சீட்டின் மேல் போட்டுக் கிடந்தாள். அந்தப் பக்கக் கதவு ஷெட் சுவரை ஒட்டியிருந்ததால் திறக்காது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது. பழைய கார்பெட்டின் ஈர வாடை, ரப்பர் வாடை, அவற்றுக்கு நடுவே துளை வழியாக, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் தித்திப்பான வாடை, யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுவதுபோல விட்டு விட்டு வந்தது.

போன் அடித்தது. வயிற்றின் மேல் இருந்ததை இடது கையால் எடுத்தாள்.

“மீட்டர், கடையில ரெண்டு சைஸ் சென்சார் வச்சிருக்கான். எது வேணும்?”

“விளையாடாதீங்க அத்தான். பானெட் பக்கம் நின்னுக்கிட்டு எதுக்கு போன் பண்றீங்க?”

“பானெட்டா? நான் கடையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். போயிட்டு வரேன்னு கத்தினேனே. நீகூட சரின்னியே.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சரியாப் போச்சு. இப்பவே மறதியா உனக்கு? சாரல் உள்ள அடிச்சுது, அதான் ஷட்டரை இறக்கிப் பூட்டிட்டேன். கால் மணி நேரத்துல வந்துடுவேன். சின்னதா, பெருசா?”

வயிற்றின் மேல் இன்னொரு வளையம் அவிழ்ந்தது.

“அத்தான். சீக்கிரம் வாங்க.”

“என்னது? கேக்கல. மழை...”

தொடர்பு அறுந்தது. மறுபடி எண்ணை அழுத்தப் போனபோது போன் வழுக்கி, சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே உள்ள சந்தில் விழுந்துவிட்டது.

நிதானம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொன்றாக யோசி. பூட்டிய ஷெட். வேறு வாசல் கிடையாது. வயர் தன் கனத்தில் தானாகவே கீழே சரிந்துகொண்டிருக்கலாம். சரியும் வயர் இரண்டு முறை இழுக்குமா? அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்தச் சைகையை அவள் அத்தானுக்குச் சொல்லியே கொடுக்கவில்லை.

எழுந்திருக்க வேண்டும். எழ முடியாது, வலது மணிக்கட்டில் வயர். அதைக் கட்டிக்கொண்டவள் அவள்தான். வகுப்பில் ஒருமுறை வயரின் இந்த முனை கை தவறித் துளைக்குள் போய், பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கேஜில் மாட்ட வேண்டிய முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்வாள். வாத்தியார் பார்த்துவிட்டு, “கை வேணுமா வேணாமா?” என்று திட்டினார். அவர் இல்லாத இடத்தில் அந்தப் பழக்கத்தை அவள் விட்டதில்லை.

இடது கையால் முடிச்சை நெருடினாள். வியர்வையில் இறுகியிருந்தது. நகம் உள்ளே போகவில்லை. கட்டர்? பாட்டரி பக்கத்தில், பானெட்டுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வயரைப் பிடித்து ஒரே ஒரு முறை இழுத்தாள். நிறுத்து.

நின்றது.

மழைச் சத்தம் மட்டும். அந்தப் பக்கம் இருப்பதும் கவனித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. எதையோ யோசிக்கிறது. பிறகு பாட்டரி இருக்கும் பக்கம் உலோகத்தின் மேல் உலோகம் உட்காரும் சின்ன ஓசை. ஸ்பேனர் திரும்பும் ஓசை, நிதானமாக, கால் சுற்று, கால் சுற்று.

முகத்துக்கு எதிரே கேஜ் எரிந்தது.

சிவப்பு எண். 4.

சூட்டை அளக்கும் எதனுடனும் சேராத கேஜ். சென்சார் இன்னும் கடையில் இருக்கிறது. கேஜுக்குள் போக வேண்டிய முனை அவள் கையில் கட்டியிருக்கிறது. கோடுதான் காட்ட வேண்டும். எண் வரக் கூடாது.

இரண்டு இழுப்பு.

வயர் ஓடியது. கடைசி வளையம் அவிழ்ந்தது. கை மேலே போனது. உதைத்தாள். முழங்கால் சீட்டிலிருந்து சரிந்து, உடம்பு முழுவதும் பள்ளத்துக்குள் இறங்கியது. தோள் மடங்கியது. கத்தினாள், தகரக் கூரை அதை வாங்கிக்கொண்டது. மணிக்கட்டு தகட்டில் போய் முட்டி நின்றது. சுண்டுவிரல் மட்டும் துளைக்குள்.

அந்தப் பக்கம் எதுவோ அந்த விரல் நுனியைப் பிடித்தது. கடிக்கவில்லை. நசுக்கவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்ப்பதுபோல, தொட்டது. எடுத்தது. தொட்டது.

குளிர்.

எண் 9.

விரல் மரத்தது. உள்ளங்கை. முழங்கை.

17.

தோள். அதற்குப் பிறகு, கழுத்து. நாக்கு பல்லுக்கு அடியில் ஈயம்போல் கிடந்தது.

26.

தன் சூடு ஒவ்வொரு டிகிரியாகப் போவதை அவள் எண்ணில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

33.

37. அங்கே நின்றது.

ஷட்டர் ஏறும் சத்தம். ஈரக் காற்று. அத்தானின் செருப்பு.

“மீட்டர்! நீ சொல்லாததால ரெண்டு சைஸும் வாங்கிட்டேன். எந்த மட்டுல இருக்கு?”

கத்தினாள். வாய் திறக்கவில்லை.

“முடிஞ்சுது அத்தான்.”

பானெட் பக்கத்திலிருந்து. அவளுடைய குரல். அவளே பேசுவதுபோல வார்த்தை வார்த்தையாக. பானெட் மூடும் சத்தம்.

“சென்சார் இல்லாமலேயா?”

“பாருங்களேன். முப்பத்தேழு காட்டுது.”

“அடேயப்பா! உன் அக்காகிட்ட நாளைக்கு நானே சொல்றேன், உன் தங்கச்சி பாஸ் ஆயிட்டான்னு.”

“நானும் வரேன். வரும்போது பாப்பா என் மடியில.”

“யாரு, நீயா? நேத்து தூக்கச் சொன்னா தப்பாப் பிடிச்சிடுவேன்னு ஓடினியே?”

“இப்ப பயமில்லை அத்தான்.”

டிரைவர் பக்கக் கதவு திறந்தது. போனின் டார்ச் வெளிச்சம் பள்ளத்துக்குள் இறங்கி அவள் முகத்தில் நின்றது. அத்தான் குனிந்து பார்த்தார். நேராக அவள் கண்ணைப் பார்த்தார்.

பாருங்க அத்தான். பாருங்க. நான்தான்.

“என்னம்மா இது, இவ்வளவு வயர் குமிஞ்சு கிடக்கு? அக்கா கால் வைக்க வேண்டிய இடம். கட்டி உள்ள தள்ளிடு.”

“இதோ.”

அவர் நகர்ந்தார். அந்த இடத்தில் ஒரு முகம் குனிந்தது. அவளுடைய முகம். பல்லிடுக்கில் டார்ச், அவள் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம். கையில் வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை, ஒரு கேபிள் டை. கழுத்துக்குப் பின்னால் பட்டையைச் சுற்றி, முனையை நுழைத்து, மெதுவாக இழுத்தது. தூங்குகிறவர் கையிலிருந்து உருவுவதுபோல.

டிக்.

டிக்.

டிக்.

பிறகு இரண்டு கையாலும் அவளை டேஷ்போர்டுக்கு உள்ளே மேலாகத் தள்ளியது. பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் பொருத்தியது. ஒரு ஸ்க்ரூ. இன்னொன்று. வெளிச்சம் ஒரு கீற்றானது. கீற்றில் ஒரு கண், இமைக்காமல், வெதுவெதுப்பாக.

மூன்றாவது ஸ்க்ரூ திரும்பத் தொடங்கியது.