குறை நேரம்

காலைக் காபி இறங்கியதும் எங்கள் தெருவில் எல்லோரும் குறை சொல்லத் தொடங்குவோம். தெரு என்று சொல்வது பழக்கதோஷம். நடக்கப் பாதை எதுவும் கிடையாது. தண்ணீருக்குள் அறைந்த இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே தடித்த கயிறு ஒன்று, அதில் வரிசையாகக் கட்டிய படகுகள். எட்டாம் கயிறு, பள்ளிக்கரணை நீர்நகர் என்பது எங்கள் முகவரி. தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பழைய மொட்டைமாடியும் அதன் கருப்புத் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். தொட்டிக்குள் மடவை மீன்கள் குடும்பம் நடத்துகின்றன. அவை நிறைவாக இருக்கின்றனவா என்று யாரும் அளப்பதில்லை. கொடுத்து வைத்தவை.

"இந்தப் படகு ஒரு நாளாவது நேரா நிக்குதா பாருங்க," என்று கோதை அன்றைய கணக்கைத் தொடங்கினாள். என் மனைவி. சோலார் கூரையின் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "தோசை ஊத்தினா ஒரு பக்கம் மொத்தம், ஒரு பக்கம் கருகல். ஊறுகாய் ஜாடி மூடியில உப்புப் பூக்குது. முருங்கை வைக்க எடமில்ல. கால் ஊனி நிக்க ஒரு சாண் மண் இருக்கா?"

"ம்."

"ம் போட்டாப் பத்தாது. உங்க முறை."

என் முறை வரும்போதெல்லாம் படிக்காமல் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி விழிப்பேன். "அந்தக் கொக்கு நேத்தும் வந்து கூரையில அசிங்கம் பண்ணிட்டுப் போச்சு," என்றேன். "தன் வீடுன்னே முடிவு பண்ணிடுச்சு போல. நாம வாடகைக்கு இருக்கோம்னு நெனைக்குது."

அடுத்த படகிலிருந்து குணசீலன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, தமாஷ் பண்ணாதீங்கண்ணே. அண்ணி கஷ்டப்பட்டு எறக்கினதை நீங்க ஏத்தி விட்டுடுவீங்க."

அவன் சொன்னது எங்கள் நிறைவு எண்ணைப் பற்றி. கடல் உள்ளே வந்தபின் மண் குறைந்துவிட்டது. இருக்கும் மண்ணை யாருக்குக் கொடுப்பது என்று கரையேற்றத் துறை யோசித்தது. படகில் நிறைவாக வாழ்கிறவர் படகிலேயே இருக்கட்டும், தாங்க முடியாதவருக்கு மண் கிடைக்கட்டும் என்று விதி எழுதியது. எழுதியவர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். வயதுவந்த எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் கடுகளவு நிறைவுமானி ஒன்றை ஒட்டினார்கள். காதுப்பொட்டு என்போம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளவை. வீட்டின் சராசரி எண்ணை மட்டும்தான் சொல்வார்கள். அது நாற்பதுக்குக் கீழே இருந்தால் கரையில் வீடு. மேலே இருந்தால், இரு சந்தோஷமாக.

அதன்பின் நீர்நகரில் யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. கல்யாண விருந்தில் பாயசத்தை மூன்றாம் முறை வாங்குகிறவர்கூட மருந்து குடிக்கிற முகத்தோடுதான் வாங்குவார். முகம் வாடியிருப்பவரைப் பார்த்தால் "எளைச்சுட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்று கை குலுக்குவோம். காலையில் ஊரே உட்கார்ந்து குறை சொன்னால் எண் இறங்கும் என்று எவரோ கண்டுபிடிக்க, அது குறை நேரம் என்று வழக்கமாகிவிட்டது.

எங்கள் வீட்டு எண் மட்டும் ஐம்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. குற்றவாளி யார் என்பதில் எட்டாம் கயிற்றில் கருத்து வேறுபாடு கிடையாது. நீலமேகமாகிய நான்தான். படகில் பிறந்தவன், உப்புநீக்கி பழுதுபார்த்துக்கொண்டு வாயைத் திறந்தால் தமாஷ் செய்கிறவன். கோதை திருத்தணிப் பக்கத்து மேட்டில் பிறந்தவள். என்னைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு வந்து பத்தொன்பது வருடமாக மனதாரக் குறை சொல்கிறாள். அவள் எண் தரை தட்டியிருக்கும், என் எண்தான் சராசரியைத் தூக்குகிறது என்று நானும் நம்பினேன். சோகப் பயிற்சி வகுப்புக்குக்கூடப் போனேன். கண்ணை மூடி, இழந்ததை எல்லாம் நினைக்கச் சொன்னார் ஆசிரியர். நான் தூங்கிவிட்டேன். என் குறட்டையில் வகுப்பே சிரித்து, எல்லோர் எண்ணும் ஏறியிருக்குமாம். இனி வர வேண்டாம் என்று கும்பிட்டார்.

அன்றுதான் அளவை நாள். துறையிலிருந்து ரஹ்மத்துன்னிசா என்ற ஆய்வாளர் சின்ன மின்படகில் குடை பிடித்தபடி வந்தார். கோதை காபி கொடுத்தாள்.

"விதி மாறிடுச்சும்மா," என்றார் ஆய்வாளர், மடியில் திரையை விரித்துக்கொண்டே. "வீட்டுச் சராசரி இனிமே இல்ல. ஆளுக்கு ஆள் தனி எண். தகுதி இருக்கறவங்க மட்டும் கரைக்குப் போகலாம்."

கோதை என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது. அவள் மண்ணுக்குப் போவாள், நான் கொக்கோடு இருப்பேன். வழியனுப்பும்போது அழாமல் சொல்ல ஒரு தமாஷைத் தேடினேன். ஒன்று அகப்பட்டது, சுமார் ரகம்.

"இந்த வீட்டுல ஒருத்தருக்குத் தகுதி இருக்கு," என்றார் ஆய்வாளர். "இருபத்தாறு."

"வாழ்த்துகள் கோதை," என்றேன்.

"சார், அது நீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மாவோடது எழுபத்தெட்டு."

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றாள் கோதை உடனே. "இவரா? எழவு வீட்டுலயே நாலு பேரைச் சிரிக்க வெச்சுட்டு வர்ற ஆளு இவரு."

"காதுப்பொட்டை மாத்திக்கூட ஒட்டிப் பார்த்துட்டாங்கம்மா. இதைப் பாருங்க." ஆய்வாளர் திரையைத் திருப்பினார். இரண்டு கோடுகள். "தினம் காலையில அம்மாவோட கோடு மேல போகுது. ஒரு நாள் தவறாம. அதே நேரத்துல சாரோடது பள்ளத்துல விழுது. அந்த நேரத்துல ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"குறை சொல்றோம்," என்றேன்.

கோதையின் முகத்தில் கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாத ஒன்று ஓடியது. "நான் சொல்றேன். நீங்க ஏன் விழறீங்க?"

"நீ சொல்றது உண்மைன்னு நெனச்சேன்."

"உண்மைதானே? தோசை கருகலையா?"

"தோசையை யாரு கேட்டா? நான்தான் உன்னைத் தண்ணிக்கு இழுத்துட்டு வந்தேன். தினம் காலையில நீ ஒவ்வொண்ணாச் சொல்லுவ. நான் ம் போடுவேன். வேற என்ன பண்றது, கொக்கைப் பத்திச் சொல்லுவேன்."

"ஐயோ, குறை சொல்றது வேறங்க," என்றாள். அப்புறம் அது எப்படி வேறு என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "கரையில எங்க வீட்டுல யாரும் நான் சொல்றதை உக்காந்து கேட்டதே இல்ல. இங்க காபியும் கையுமா நான் பாட்டுக்குப் பேசறேன், நீங்க எழுந்து போறதில்ல. எனக்கு அது… தெரியல. இத்தன நாளும் உங்களுக்கு வலிச்சுதா?"

"சார்," என்றார் ஆய்வாளர். "கொஞ்சம் நிலையா இருங்க. உங்க எண் ஏறுது."

ஏறத்தான் செய்தது. அவள் இங்கே வதைபடவில்லை என்ற செய்தி மெதுவாக எனக்குள் இறங்க இறங்க, முப்பத்துநாலு, நாற்பது, ஐம்பத்தொன்று. அங்கே கோதையின் எண் ஓட்டை விழுந்த வாளியாக வடிந்துகொண்டிருந்தது. எழுபது, ஐம்பத்தைந்து, முப்பத்தெட்டு.

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்தார். "இப்ப உங்களுக்குத் தகுதி போயிடுச்சு. அம்மாவுக்கு வந்துடுச்சு."

"நான் தனியாவா போகணும்?" என்றாள் கோதை.

"நீங்க போயிட்டா சாருக்குத் தானா எறங்கிடும். அடுத்த அளவையில அவரும் வந்துடலாம். நிறைய வீட்டுல இப்படித்தான் பண்றாங்க."

"அடுத்த அளவை?"

"அஞ்சு வருஷம்."

நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. போகாதே என்றால் அவள் மனம் குளிர்ந்து எண் ஏறும், மண் போய்விடும். போ என்று முறைப்பாகச் சொன்னால் மனம் நொந்து எண் இறங்கும், மண் உறுதி, ஆனால் ஐந்து வருடம் அந்த நோவோடு அவள் இருப்பாள். உண்மையைச் சொல்லலாமே என்றால், அது எது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில், "போயேன், முருங்கை வைக்கலாம். வாசல் பக்கமா வெச்சா காய் பறிக்க வசதி," என்றேன்.

அவள் எண் நாற்பத்தாறுக்கு ஏறியது.

"சார், நீங்க பேசாம இருந்தா அவங்களுக்கு நல்லது," என்றார் ஆய்வாளர், பணிவாகத்தான்.

கோதை என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உங்களுக்குக் கரை வேணுமா?"

"உனக்கு வேணுமேன்னுதான் எனக்கு."

"எனக்கு வேணும்னு யாரு சொன்னா?"

"நீதான்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "சொன்னேன். வேணுமான்னு யோசிச்சுச் சொல்லல. இங்க நல்லாயிருக்குன்னு ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தா, நல்லாயிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும்."

"இப்பச் சொல்லிப் பாரேன்."

கழுத்தில் கயிறு போட்டமாதிரித் திணறினாள். பழகாத வாய். "மழை பெய்யும்போது," என்று ஆரம்பித்தாள், "கூரையில ஒரு சத்தம், தண்ணியில ஒரு சத்தம்னு ரெண்டு வரும். மேட்டுல ஒண்ணுதான் வரும். அது… பரவால்ல."

"பரவால்லன்னா?"

"நல்லாயிருக்கும்."

குணசீலன் பதறி எட்டிப் பார்த்தான். "அண்ணி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உள்ள போடா."

ஆய்வாளர் காபியை முடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அம்மா, இன்னும் பதினோரு படகு இருக்கு. இப்ப வர்ற எண்ணைப் படிச்சுப் பதிஞ்சுடறேன். யாருக்குத் தகுதியோ அவங்களுக்கு வீடு." அவர் திரையை நிமிர்த்தியபோது கோதை எட்டி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். எங்கள் இரண்டு எண்களும் அவள் கைக்குக் கீழே மறைந்தன.

"படிக்காமப் பதிய முடியாதா?"

"முடியும். ஆனா ரெண்டு பேருக்கும் நிறைவுன்னு விழுந்துடும். அதுக்கப்புறம் அடுத்த அளவை வரைக்கும் நீங்க கரையைப் பத்தி வாயே திறக்க முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க. அந்தக் கை எடுத்தா இந்த நிமிஷமே ஒருத்தருக்கு வீடு இருக்கலாம்."

கோதை கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் பதில் வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு சரக்குப் படகு கடந்துபோனது. அலை வந்து மோதி எங்கள் படகு குலுங்கியதில் என் தலை மேலும் கீழும் ஆடியது. நான் ஆட்டினேனா, தண்ணீர் ஆட்டியதா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. அவள் கண் ஈரமாவதைப் பார்த்தபின் அதை விளக்கவும் துணிவில்லை.

"பதிஞ்சுக்கோங்க," என்றாள்.

ஆய்வாளர் விரலால் ஓரத்தை அழுத்தினார். ஒரு சின்ன ஒலி. எங்கள் பங்கு மண் யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. அவர் குடையை எடுத்துக்கொண்டு மின்படகில் இறங்கினார். கயிற்றை அவிழ்க்கும்போது, "காபி…" என்று தொடங்கி, தன் காதுக்குப் பின்னால் தொட்டுக்கொண்டார். அவரும் ஏதோ ஒரு கயிற்றில் இருப்பவர்தானே. "பரவால்லம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம். இழந்துவிட்டோமா, தப்பித்தோமா என்று எனக்கு விளங்கவில்லை. துக்கமாக இருந்தால் ஆறுதல் சொல்லலாம், சந்தோஷமாக இருந்தால் சிரிக்கலாம். இது இரண்டிலும் சேரவில்லை. நம் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இத்தனை வருடம் காதுக்குப் பின்னால் ஒரு கடுகு இருந்தது. இப்போது அதைக் கேட்க ஆளில்லை.

"இப்பச் சொல்லுங்க," என்றாள் கோதை. "கொக்குக் கதையெல்லாம் வேணாம். எப்படி இருக்கீங்க?"

வாயைத் திறந்தேன். தமாஷ் எதுவும் வரவில்லை.

"கொஞ்சம் இரு. யோசிச்சுச் சொல்றேன்."

"அவசரமில்ல," என்றாள். "அஞ்சு வருஷம் இருக்கு."