நிமிர்த்த மறந்த பானை

மழை பெய்து வெகுநாளாகிறது. கூரையிலும் ஒழுகல் இல்லை. ஆனாலும் வாசலுக்கு உள்ளே கவிழ்த்து வைத்திருந்த இரும்புப் பானையைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. பைனா துணியை எடுத்துத் துடைத்தாள். அடுப்பை ஊதிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் ஈரம். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவின் அந்தப் பருத்தித் தோட்டத்தில் இப்போது அவளை விட்டால் ஆளில்லை. அடிமைகளை விடுவிக்க வடக்கத்திப் படை வருகிறது என்றதும் எஜமான் குடும்பத்தோடு ஓட்டம் பிடித்தான். அதுவரை அடிமைகளாக இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு அந்தப் படையின் நீலச் சட்டைக்காரர்களின் பின்னால் கடலை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். பைனாவுக்குக் கால் வீக்கம், நடக்க முடியாது. மகள் டோர்கஸ் தானும் இருந்துவிடுவதாக அழுதாள்.

"போடி! என் காலப் புடிச்சிக்கிட்டு உக்காரவா விடுதல வந்துச்சு? திரும்பிப் பாக்காம போ," என்று விரட்டியது பைனாதான். மகளின் மணிக்கட்டில் நீலப் பாசிமணியைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

அந்தப் பானைதான் தோட்டத்து அடிமைகளுக்குக் காவல். ரகசியமாகக் கூடி ஜெபிக்கும்போது அதை வாசலில் கவிழ்த்து வைப்பார்கள். எஜமானின் காதுக்கு எட்டாமல் குரலையெல்லாம் அது விழுங்கிக்கொள்ளும். விடிந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். அப்போதுதான் அடைபட்ட ஜெபம் ஆண்டவரிடம் போய்ச் சேரும். "யம்மா பானை, வாயத் தொறந்துராத, எங்க முதுகுத்தோல் உரிஞ்சிரும்," என்று பக்கத்துக் குடிசைக்காரன் கேட்டோ கேலி பேசுவான்.

பொழுது சாயும் நேரம், டோர்கஸோடு படையின் பின்னால் போயிருந்த கேட்டோ திரும்பி வந்தான், தனியாக.

"டோர்கஸ் எங்கடா?"

அவன் உள்ளே வரவில்லை. "அக்கா... ஆத்துல படைக்காரங்க மிதவப் பாலம் போட்டாங்க. நாங்க போனப்புறம் நீங்க வாங்கன்னாங்க. கடைசிக் குதிர அக்கரை ஏறுனதும் பாலத்த இழுத்துக்கிட்டாங்க. பின்னாடி எஜமானுங்களோட தெக்கத்திக் குதிரப்பட துரத்திக்கிட்டு வருது. எல்லாரும் தண்ணியில குதிச்சோம். கெழடு, கைக்கொழந்தன்னு எத்தனையோ பேரு முங்கிப் போனாங்க."

"என் புள்ள?"

"என் கையத்தான் புடிச்சிருந்தா." உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "வழுக்கிருச்சுக்கா."

முற்றத்துக்குப் போய்க் குந்தி, முழங்காலில் முகம் புதைத்து அழுதான். பைனாவுக்கு அழுகை வரவில்லை. அவள் பார்வை பானைமேல் நின்றது. கடைசியாகக் கூடிய இரவில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: என் பிள்ளை தண்ணீரைக் கடந்து கரை சேரணும். அன்று விடியும்போதே படை வந்துவிட்டது. ஆனந்தத்தில் ஆடிக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவளும்தான். பானையை நிமிர்த்த யாருக்கும் தோன்றவில்லை. அவளுடைய ஜெபம் இன்னும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

பானையருகே போய்க் குனிந்தாள்.

உள்ளே ஏதோ சத்தம். சுவர்க்கோழி என்றுதான் முதலில் நினைத்தாள். காதை வைத்தாள். அவளுடைய குரல்தான் அது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கலாக, கரை சேரணும், கரை சேரணும் என்று ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஆற்றின் இரைச்சல். குதிரைகள். கூட்டத்தின் அலறல். பிறகு எல்லாம் அடங்கியது.

"அம்மா. கை குடு."

பைனா பானையைப் பற்றித் தூக்கினாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்து நெம்பினாள். விளிம்பு சற்றே எழும்பியது. கறுத்த தண்ணீர் வழிந்தது. பிறகு விரல்கள். ஊறிப்போன மணிக்கட்டு. நீலப் பாசிமணி.

"வந்துட்டேன் கண்ணு. விடமாட்டேன்."

பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. அவள் இழுத்தாள். அதுவும் இழுத்தது. அவள் முழங்கை விளிம்புக்கு அடியில் போய்விட்டது. தரை இருக்க வேண்டிய இடத்தில் ஆழம்தான் இருந்தது.

விளிம்பைச் சுற்றி இன்னொரு கை வெளியே வந்தது. இன்னொன்று. சுருக்கம் விழுந்த ஒரு கை. பால்குடிக் குழந்தையின் கை ஒன்று. எல்லாம் அவள் நீண்ட பாவாடையைத் தேடிப் பற்றிக்கொண்டன. வெளியே கேட்டோ இன்னும் அழுதுகொண்டிருந்தான். பைனா மகளின் கையை விடவில்லை.