மூத்தவளுக்கு ஒரு சேலை

கரமனையிலிருந்து லிங்கத்தை ஆட்டோவில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தபோது மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே இருட்டிப்போனது. அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது. நெஞ்சிலும் முதுகிலும் செந்தடிப்புகள்.

"சேட்டா, காய்ச்சல் வர்றதுக்கு முன்ன எங்கயாச்சும் போனீங்களா? மலை, காடு?" டாக்டர் ஷிஜா கேட்டார்.

லிங்கம் மனைவி அஜிதாவைப் பார்த்தான்.

"நாகர்கோயில். கடைக்குச் சரக்கெடுக்க."

பொய். அஜிதாவுக்குத் தெரியும். அன்று அவன் கழற்றிப்போட்ட சட்டையில் ஈரப்புல் வாசமும் பச்சைத் தேயிலை வாசமும் இருந்தன. அவன் மூத்த தாரம் மாடம்மாளைப் புதைத்தது போனக்காட்டு மலைத் தேயிலைத் தோட்டத்தில்தான். இரண்டாந்தாரமாக வருகிறவள் மூத்தவளுக்குச் சேலை படைத்த பிறகே புதுச்சேலை உடுத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "செத்தவளுக்கு எதுக்குச் சேலை?" என்று அஜிதா மறுத்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அவனே போய் வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"சேச்சி, இவர் உடம்புல எங்கயாச்சும் சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா ஒரு பாடு உண்டா? அது தெரிஞ்சா மருந்து குடுக்க எளுப்பம். தெரியாமப் போனா ஆளை உயிரோட கிட்டாது."

இருந்தது. இடது அக்குளில். துடைத்துவிடும்போது பார்த்திருந்தாள். ஒருத்தி வாய் வைத்த தடம் என்றே பட்டது. அதை ஊரறியக் காட்டுவதா?

"ஒண்ணுமில்ல."

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். லிங்கம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கிசுகிசுத்தான்.

"சும்மா கெட புள்ள. அவ பாக்கா."

சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே யாருமில்லை.

அவனுக்கு மூச்சு இழுத்தது. அஜிதா பதறி, "டாக்டரே!" என்று கத்திக்கொண்டே, தடத்தைக் காட்ட அவன் இடது கையைத் தூக்கினாள்.

கை வரவில்லை.

அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

குளிர்ந்த விரல்கள்.

"எனக்க ஆளு," என்று பல்லைக் கடித்து இழுத்தாள். பிடி இறுகியது. அவன் உதடு நீலம் பாரித்தது.

"அக்கா..." அந்தச் சொல் அவள் வாயில் அதுவரை வந்ததேயில்லை. "சேலை நான் வைக்கேன். அவர விடு."

பிடி தளர்ந்தது. கை உயர்ந்தது.

ஓடிவந்த டாக்டர் குனிந்து பார்த்தார். "செள்ளுப்பனி. புல்லுல இருக்கிற செள்ளுப்பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். இதையா ஒண்ணுமில்லன்னீங்க?"

மருந்து கேட்டது. வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நல்ல வெயில். அஜிதாவின் மடியில் புதுச்சேலைப் பொட்டலம். ஆட்டோவில் லிங்கம் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பாதி உடம்பு வெளியே தொங்கியது.

"கொஞ்சம் அங்க தள்ளி இருங்களேன்."

"எங்க தள்ள? இடமில்லியே."

எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் காலி. ரெக்சின் மட்டும் ஆள் உட்கார்ந்தாற்போல அமுங்கி, ஈரமாக.

மடியிலிருந்த பொட்டலத்தை யாரோ மெல்ல இழுத்தார்கள்.