புளுகு ஈவு

காலமாகி நாலு வருடமான மாமனார் காலையிலேயே அழைத்தார். மயிலாத்தாள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பேசினாள். குரலில் அதே கரகரப்பு, 'ஆத்தா' என்று கூப்பிடும்போது அதே இழுப்பு. வாழைக்குத் தண்ணீர் விட்டாச்சா, மழை உண்டா என்றெல்லாம் விசாரித்த பிறகு, வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கும் கண்பாவைப் பதிவான விழித்திறவை ஒரு தடவை அனுப்பி வைக்கச் சொன்னார்.

"நீங்க போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சுங்க மாமா" என்று மரியாதையாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

"யாரு, அப்பாவா?" என்றான் சென்னியப்பன், சட்னிக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஆமாங்க. பெட்டகத்தோட தெறவக் கேட்டாரு."

"நேத்து எனக்கும் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினான்.

அந்தக் காலத்தில் இது தினப்படி நடப்பு. பாட்டன் பெயரையும் பாட்டி பெயரையும் பிள்ளைகளுக்கு வைப்பது மறுபடி நாகரிகமாகியிருந்ததைப் போல, செத்தவர்கள் பேசுவதும் சகஜமாகியிருந்தது. உயிரோடு இருப்பவர்கள் பேசுவதுதான் சிக்கல். யார் குரலையும் நகலெடுக்கலாம். குரலோடு நின்றாலும் பரவாயில்லை. முகம், நடை, வேர்வை வாசம் உட்பட அச்சாக உருவாக்கிய நடைநகல்கள் வாசலில் வந்து நின்று அழைப்புமணி அடித்தன. அதனால் எல்லாருக்கும் காதின் பின்புறம் ஒரு நெல்மணி அளவுக்குச் செவிக்காப்பு பொருத்தியிருந்தார்கள். வந்தவரோ அழைத்தவரோ மெய்யானவர் என்றால் காது மடல் இதமாகச் சுடும். நகல் என்றால் ஐஸ் வைத்தாற்போல் சில்லிடும். காது சொன்ன பிறகு கண்ணையோ மனதையோ யாரும் கேட்பதில்லை.

செவிக்காப்பு செய்தது ஒரே வேலைதான். எதிராளி சொல்லும் தகவல்கள் சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்தது. மோசடிக் கும்பல்களும் சும்மா இருக்கவில்லை. எல்லாத் தகவலையும் திருடி, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். காது நகலுக்கும் சுட்டது, சில நேரம் மெய்யான ஆளுக்கும் சில்லிட்டது. பல்லடத்துச் சித்தி வழுக்கி விழுந்து, மருத்துவமனையில் கிடந்து அழைத்தபோது அப்படித்தான் ஆயிற்று. வலியில் பிறந்த தேதியை மாற்றிச் சொல்லிவிட்டாள். உறவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அழைப்பைத் துண்டித்தார்கள். மயிலாத்தாளும் துண்டித்தாள். சித்தி பிழைத்துவிட்டாள், ஆனால் அதன் பிறகு யாரிடமும் பேசுவதில்லை. திருடன் ஏமாற்றியதைக்கூட மயிலாத்தாள் பொறுத்துக்கொள்வாள். பெற்றவளைப் போன்றவளைத் திருடி என்று நினைத்து விரட்டியதை அவளால் பொறுக்க முடியவில்லை. கோயம்புத்தூர் அலைபேசி மோசடி ஆய்வு நிலையத்தில் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிக்கு அதுதான் தொடக்கம்.

மயிலாத்தாளைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவள் புளுகுவதில்லை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் பல் தேய்க்கிறேன் என்பாள். ஆறரைக்கு வருகிறேன் என்றால் ஆறரைக்கு வாசலில் நிற்பாள். கல்யாண வீடுகளில் சாப்பாடு எப்படி என்று அவளிடம் கேட்கக்கூடாது என்பது உறவில் எல்லாருக்கும் தெரியும். தன் நேர்மையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, இல்லாததைச் சொல்லியா கர்வப்பட்டாள்?

உடன் ஆராய்ச்சி செய்த யூசுப் இதற்கு நேர்மாறு. ஒருநாள் வழக்கம்போல் தாமதமாகி, வழக்கம்போல் அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, உக்கடம் பாலத்து மேல வந்துட்டே இருக்கேன்."

பின்னணியில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மயிலாத்தாளின் மேசைத்திரையில் அவன் அலைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பதும் தெரிந்தது. குனியமுத்தூரில், அவன் வீட்டில். திட்டுவதற்காக வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலை முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்த நகல் அழைப்புகளில், எந்த நகலும் தான் இருக்கும் இடத்தைப் பற்றிய பேச்சில் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. அவினாசி சாலையில் இருக்கிறேன் என்று சொன்னால், அதற்குத் தகுந்தபடி கோபுரத் தடயத்தையும் கச்சிதமாகப் போலி செய்து வைத்திருந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்களே, நகல்கள் பொருந்தச் சொல்லின. மெய்யான ஆட்களுக்குத்தான் அந்தக் கவலையே இல்லை. குளியலறையில் இருந்துகொண்டு பாலத்தின் மேல் இருப்பதாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவர்கள் ஊர் ஊராகத் திரிந்தார்கள். உடுமலை, காங்கயம், அந்தியூர் என்று மக்களின் சம்மதத்தோடு அழைப்புகளைச் சேகரித்தார்கள். ஒருவர் இருப்பதாகச் சொல்லும் இடத்துக்கும் கோபுரம் அறிந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, அதற்குப் 'புளுகு ஈவு' என்று பெயர் வைத்தார்கள். அரசு ஆவணங்களில் மட்டும் 'மனித நெகிழ்வுக் கெழு' என்று கௌரவமாகக் குறிப்பிட்டார்கள். 'இதோ கிளம்பிட்டேன்', 'சாப்பிட்டாச்சு', 'உன்னைத்தான் இப்ப நினைச்சேன்' ஆகியவையும் கணக்கில் சேர்ந்தன. கும்பல்கள் விஷயம் தெரிந்து நகல்களுக்கும் பொய் சொல்லிக்கொடுத்துப் பார்த்தன. ஆனால் நகல் ஆதாயத்துக்காக மட்டுமே பொய் சொன்னது. ஒரு காரணமும் இல்லாமல், வெறும் பழக்கத்தில் புளுக அதற்கு வரவே இல்லை.

புதிய செவிக்காப்பு தயாரானது. பேச்சில் புளுகு கலந்திருந்தால் அது சுட்டது, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தினால் சில்லிட்டது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒரு நகல்கூடத் தப்பவில்லை. மெய்யான ஆள் ஒருவர்கூட விரட்டப்படவில்லை. உலகத்தில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் தலைகீழாக நின்றும் முடியாததை நம்மூர்க்காரர்கள் தங்கள் வாய்ச் சவடாலால் சாதித்துக் கொடுத்தார்கள். மயிலாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

உலக அலைபேசித் தரக் குழு நேரில் பார்க்க வந்தது. தலைவர் லாகோஸ் நகரத்துக்காரர், ஒக்காஃபோர் என்று பெயர். நிபந்தனையை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மெய்யான ஆள் ஒருவரைக்கூட இந்தக் கருவி நகல் என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஆராய்ச்சி முழுக்கத் திருப்பி அனுப்பப்படும். மயிலாத்தாள் ஒப்புக்கொண்டாள். அவளும் சித்திக்காகத்தானே இதைச் செய்தாள்.

அரங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்தார்கள். 'மீட்டிங்ல இருக்கேன்', 'டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்', 'சிக்னலே கிடைக்கல' என்றெல்லாம் வாய் கூசாமல் சொன்னார்கள். அவரவர் வீட்டில் காதுகள் இதமாகச் சுட்டன. ஒக்காஃபோருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் ஊரிலும் இதே கதைதான் என்று சொன்னவர், கடைசியாக ஒரு ஆசையைத் தெரிவித்தார். இதைக் கண்டுபிடித்த அம்மையாரே தம் வீட்டுக்கு அழைக்கட்டும்.

ஆராய்பவரைச் சோதனையில் சேர்ப்பது முறையல்ல என்று அதுவரை மயிலாத்தாள் தன்னை ஒதுக்கியே வைத்திருந்தாள். முந்தைய நாள்தான் சூலூரில் அவள் வீட்டுக் கதவுக்கும் கணவன் காதுக்கும் புதிய கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அவள் தயங்காமல் அழைத்தாள்.

"ஏனுங்க, நான் ஆய்வு நிலையத்துலதான் இருக்கறேன். இன்னும் கெளம்பல. விருந்து முடிஞ்சு ஒம்பது மணிக்கு வருவேன்."

மறுமுனையிலிருந்து சென்னியப்பனின் குரல் அரங்கம் முழுக்க ஒலித்தது.

"வேற ஏமாளி யாராச்சும் இருந்தாப் பாருங்க. எம்பொண்டாட்டி கொரல வெச்சு எங்கிட்டயே ஆட்டங் காட்டறீங்களா?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. சித்திக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று மயிலாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருட உழைப்பும் ஊர்ப் பெருமையும் அவளுடைய ஒரு உண்மையில் கவிழ்ந்துகொண்டிருந்தன. யூசுப் பின்னாலிருந்து குனிந்தான்.

"கெளம்பிட்டேன்னு சொல்லுங்கக்கா. ஒரே ஒரு தடவை."

அரங்கத்தில் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அழைத்தாள்.

"ஏனுங்க... கெளம்பிட்டனுங்க. சிங்காநல்லூரு தாண்டியாச்சு. வந்துட்டே இருக்கறேன்."

"மயிலா? இப்பத்தான் எவனோ உங்கொரல்லயே பேசுனான், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்றான் சென்னியப்பன் வாஞ்சையாக. "வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வா."

கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. முதல் அழைப்பைப் பிழையாகக் கொள்வதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஒக்காஃபோர் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். வீட்டாரிடம் இப்படி உள்ளது உள்ளபடி பேசுவது மனித இயல்பே அல்ல. ஆகவே பிழை கருவியில் இல்லை, அம்மையாரிடம் இருக்கிறது. புளுகு ஈவு, 'கோயம்புத்தூர் அளவை' என்ற பெயரில் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. யூசுபை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

மயிலாத்தாளுக்கு மட்டும் விருந்து இறங்கவில்லை. வாயால் சொன்ன பொய் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சொன்னதை மெய்யாக்கிவிட்டால் பாதிப் பாவம் கழியும் என்று தோன்றியது. இலையை மூடிவிட்டு எழுந்தாள். வான்ஆட்டோக்காரரை விரட்டினாள், சிங்காநல்லூரில் இறங்கிக் கொத்தமல்லி வாங்கினாள், சிங்காநல்லூர் தாண்டிய ஒருத்தி எப்போது சூலூர் போய்ச் சேருவாளோ ஏறக்குறைய அப்போதே வீட்டு வாசலில் நின்றாள்.

கதவு திறக்கவில்லை. அவளுடைய நிலையத்தின் முத்திரை கதவில் பளபளத்தது. உள்ளே சென்னியப்பனுக்குக் காது சில்லிட்டிருக்க வேண்டும். கதவின் சிறுகண்ணாடி வழியே அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"வந்துட்டே இருக்கறேன்னு சொன்னா, சொன்ன மாதிரியே வந்து நிக்குது பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "கொத்தமல்லியக்கூட மறக்கல. நல்லாத்தான் பண்ணியிருக்கறானுக."

பத்து வருடம் உடன் வாழ்ந்தவனின் கண்ணுக்கு நேராக அவள் நின்றாள். கழுத்துத் தழும்பைக் காட்டினாள். கல்யாணத்தன்று சோற்றில் உப்பில்லை என்று மாமியாரிடமே சொல்லிவிட்டு வாங்கிய வசவை எடுத்துச் சொன்னாள். எல்லாம் சரியாக இருக்க இருக்க அவன் இன்னும் உறுதியாகத் தலையாட்டினான். மயிலாத்தாளுக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம், அழுகையின் நடுவிலேயே ஒரு பெருமையும் வந்தது. செய்தவளுக்கே சலுகை காட்டாத கருவி அல்லவா!

தெருவோரத்துப் பேக்கரிக்குப் போனாள். தேங்காய்ப் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். கொத்தமல்லிக் கட்டைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டாள். வீட்டில் சமையல் முடிந்திருக்கும் என்று தோன்றுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, அங்கிருந்தே அழைத்தாள்.

"இருகூர்ல ஒரே நெரிசலுங்க. அசைய முடியல. இதோ வந்தாச்சு."

திரும்பி வந்தபோது கதவு அவள் கை வைப்பதற்கு முன்பே திறந்துகொண்டது. சென்னியப்பன் காது மடலைத் தடவியபடி, கோபமும் சந்தோஷமுமாக நின்றான்.

"எத்தன நேரம்! கொத்தமல்லி எங்க?"

"அய்யோ, மறந்தே போயிட்டனுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"நீதான்டி மயிலு" என்று அவன் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான்.